குண்டுமணி போட்ட பயில்வான்

எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் மார்த்தாள் முதலில் அதைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். சோப்பு டப்பா, டார்ச் லைட், யாரோ தூக்கிப் போட்ட மிக்ஸி மூடி, எதுவானாலும் சரி. பிறகு நகத்தால் ஒரு கீறல். அதுவும் போதவில்லை என்றால் ஓரத்தை முன்பல்லால் கடிப்பார். கடித்த பிறகு அது எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீராசாமியின் காயலான் கடையில் பன்னிரண்டு வருஷமாகப் பிளாஸ்டிக் பிரிக்கிறார். வளைகிறது ஒரு பக்கம், ஒடிகிறது ஒரு பக்கம், எரித்தால் மெழுகுவத்தி வாசனை அடிப்பது ஒரு பக்கம், மூக்கைப் பொத்த வைப்பது இன்னொரு பக்கம்.

வலது கையின் ஆள்காட்டி விரல் அவருக்கு ஒரு கணுவோடு நின்றுவிட்டது. காவாந்தண்டலத்தில் எங்கள் தெருவில் மார்த்தாள் என்று இரண்டு பேர் உண்டு. அடையாளத்துக்காக இவரைத் தூக்குவாளி மார்த்தா என்பார்கள். அண்ணன் வேலை செய்த இடத்துக்குச் சோறு கொண்டுபோனவள், வேடிக்கை பார்க்கிறேன் என்று மெஷினில் விரலை விட்டுக்கொண்டாள் என்பது ஊரில் உள்ள கதை. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எதிரில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால், "வேடிக்கை பாக்கப் போனவ இல்ல, வேலைக்குப் போனவ" என்பார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். சொன்னவரும் தன் வேலையைப் பார்ப்பார். முப்பத்தெட்டு வருஷம் இப்படியே போனது.

போன தை மாதம், பொங்கல் கழிந்து பழைய சாமான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய நாட்களில், ஒரு சாக்கிலிருந்து அந்தப் பயில்வான் வந்து விழுந்தான். ஒரு சாண் உயரம். மஞ்சள் உடம்பு, சிவப்பு ஜட்டி, முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ், இடுப்பில் வெள்ளி பெயின்ட்டில் பெல்ட். கட்டு கட்டாகப் புடைத்த மார்பு. உதட்டுக்கு மேல் ஐயனாருக்கு வைப்பது போல முறுக்கு மீசை. இரண்டு கைகளும் தோளோடு சுழன்றன. ஆனால் இரண்டும் இடது கை. வலப்பக்கம் இருந்த கையின் கட்டை விரல் வெளிப்பக்கம் பார்த்து நின்றது, யாரோ தூக்கத்தில் மாட்டியது போல.

மார்த்தாள் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. அவர் அதை எந்தக் குவியலிலும் போடவில்லை.

இந்த வயதில் பொம்மை கேட்கிறதா என்று வீராசாமி கேலி செய்தார். எனக்கு வேண்டும் என்று மட்டும் மார்த்தாள் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் சாமான் அது. வீராசாமி எடை போடாமலே கொடுத்தார்.

சாயந்தரம் வீட்டில், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் சோபியா, பொம்மையைக் கழுவித் துடைத்து விளையாட்டாக ஒரு போட்டோ எடுத்துப் போனில் தேடினாள். நாலைந்து நொடியில் அதே பயில்வான் வெள்ளைத் துணிமேல் நின்றான். பழைய பொம்மைகளைப் பார்த்து, எந்த ஊரில் செய்தது, யார் செய்தது, எந்த வருஷத்தது என்று கண்டுபிடிப்பதற்கென்றே இன்டர்நெட்டில் ஒரு குழு. அதில் பல தேசத்து ஆட்கள். அவர்களிடம் இந்தப் பொம்மை ஏழெட்டு இருந்தது. எவன் செய்தான் என்று மட்டும் தெரியவில்லை. பொம்மையின் மேல் பேரில்லை, முத்திரை இல்லை. மீசை இருப்பதால் மெக்சிகோ நாட்டு மல்யுத்த வீரன் என்று ஒருவர் முடிவு கட்டியிருந்தார். மற்றவர்களும் சரி என்று தலையாட்டியிருந்தார்கள். இரண்டும் ஏன் இடது கை என்பதற்கு, குடித்துவிட்டு மாட்டியிருப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே உருள்வது உடைந்த ஆணியின் துண்டு என்று இன்னொருவர். சோபியா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, மார்த்தாள் மீன் அலசிக்கொண்டே கேட்டார்.

"மெக்சிகோன்றது எங்க கீது?"

"அமெரிக்காவுக்குக் கீழ, மா."

"அங்க போயி யாரு ஒட்டினது? ராஜகுளம்னு எழுது."

சோபியா எழுதினாள். உடனே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஆன்ட்டி கையில் ஒரு பொம்மை கிடைத்திருக்கிறது, இனி விலையை ஏற்றிவிடக் கதை வரும் என்று ஒருவன் எழுதியிருந்தான். இதை ஏன் எழுதினோம் என்று சோபியாவுக்கு ஆகிவிட்டது. மார்த்தாள் கை கழுவிக்கொண்டு வந்து, விற்பதாக எவன் சொன்னான் என்று அவனையே கேட்கச் சொன்னார். அதையும் அவள் எழுதினாள்.

மறுநாள், குழுவை நடத்தும் தேவயானி என்பவர் தனியாக எழுதினார். பெரம்பூரில் இருப்பவர், பாங்கு உத்தியோகம். தென்னாட்டில் செய்த பழைய பொம்மைகளைப் பற்றி ஒரு புத்தகம் தயார் செய்துகொண்டிருந்தார். சிரித்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, ராஜகுளம் என்று எப்படித் தெரியும், அம்மா பேசியே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். சோபியா போனை அம்மாவின் வாயருகே பிடித்தாள். அன்றுதான் அவளும் முழுதாகக் கேட்டாள்.

காஞ்சிபுரம் பக்கம் ராஜகுளத்தில் ஏகாம்பரம் என்பவரின் ஷெட். தகரக் கூரை, கையால் அழுத்தும் மெஷின் ஒன்று. சீப்பும் சோப்பு டப்பாவும் அடித்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்து நாலில் யாரோ சிங்கப்பூரிலிருந்து பிள்ளைக்குக் கொண்டுவந்த பயில்வான் பொம்மையைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் அதற்கு டை வெட்டினார். டை என்பது உருக்கின பிளாஸ்டிக்கை உள்ளே அழுத்தி உருவம் எடுக்கும் இரும்பு அச்சு. சிங்கப்பூர் பொம்மைக்கு மீசை இல்லை. மீசை இல்லாத பயில்வானை எவன் வாங்குவான் என்று அவர்தான் சேர்க்கச் சொன்னார். காஞ்சிபுரம் கருடசேவைக்குப் பொம்மைகள் கூடை கூடையாகப் போகும். மெஷினில் மார்த்தாளின் அண்ணன் டேனியல். பிசிறு அறுத்து, இரண்டு பாதி உடம்பையும் தின்னர் தொட்டு ஒட்டுவது மூன்று பெண்கள்: சொக்கம்மாள், பரிமளா, மார்த்தாள். இரண்டு வருஷம் ஒட்டினார். எண்பத்தாறில் ஒரு வாரம் டேனியலுக்குக் காய்ச்சல். திருவிழா ஆர்டர் நிற்கக் கூடாது என்று மார்த்தாளை மெஷினில் நிறுத்தினார்கள். நாலாம் நாள், பொம்மையின் வலது கையை அடிக்கும் டையில் அவர் விரல் மாட்டியது. டை திறக்கவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். விரலில் பாதியும் டையில் பாதியும் ஒன்றாகப் போயின.

"மொதலாளி ஓடியாந்து என்னியப் பாக்கல. 'டை போச்சே'ன்னாரு. அப்பால வேற டை வெட்டல. எடது கையவே ரெண்டு பக்கமும் மாட்டி அனுப்பினாங்க. யாரும் குடிச்சிட்டு மாட்டலம்மா. அந்தப் பொம்மைக்கு வலது கை இல்லாம போனது, என் வெரலு போனதாலதான்."

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னார். பத்து நாள் கழித்து விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். அந்தப் பெண் எங்கள் ஷெட் ஆளே இல்லை, அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தவள் என்று ஏகாம்பரம் சொன்னார். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்திருந்த டேனியல் பக்கத்தில் நின்றார். ஆபீசர் அவரைப் பார்த்தார். ஆமாம் என்று டேனியல் தலையை அசைத்தார். சாகும் வரை அந்த ஷெட்டில்தான் வேலை செய்தார். தங்கை வீட்டில் சாப்பிடும்போது அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார் என்பது எனக்கே நினைவிருக்கிறது.

சோபியா போனைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள். அம்மா மட்டும் மீன் குழம்பில் உப்புப் பார்த்தாராம்.

இரண்டு வாரம் கழித்துத் தேவயானியிடமிருந்து சந்தோஷமான கடிதம். உங்கள் அம்மா சொன்ன ஊர் மிகச் சரி என்று தொடங்கியது. அவர் ஏகாம்பரத்தின் மகன் சுகுமாரைத் தேடிப் பிடித்திருந்தார். ஷெட் இருந்த இடத்தில் இப்போது சுகுமாரின் வீடும் சிமென்ட் கடையும். அவரிடம் அப்பாவின் போட்டோ இருந்தது. இடது கை டை இன்னும் கடை மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லாக இருந்தது. புத்தகத்துக்கு எழுதிய பக்கத்தையும் தேவயானி அனுப்பியிருந்தார். மெக்சிகோ போய் ராஜகுளம் வந்துவிட்டது. செய்தவர் ஏகாம்பரம். வடிவம் அவருடையது. குடும்பத்தாரே ஒட்டினார்கள், வெளியாட்கள் கிடையாது. கடிதத்தின் கடைசியில் தயக்கத்தோடு ஒரு வரி: சுகுமார் சாரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டேன், சாப்பாடு கொண்டுவருவார்கள் என்று நினைவிருப்பதாகச் சொன்னார்.

மெக்சிகோ ஒழிந்ததற்கே சோபியா சிரித்துக்கொண்டிருந்தாள். மார்த்தாள் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"ஊரு பேருதான் மாறிச்சு. என்னியத் திரும்பியும் சோறு கொண்டார வெச்சிட்டாங்க."

விட்டுவிடலாம் என்றாள் சோபியா. ஒரு பொம்மைப் புத்தகம், அதை யார் படிக்கப் போகிறார்கள். மார்த்தாள் விடவில்லை. புத்தகத்தில் ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும் என்றார். வாயால் சொன்ன பொய்க்கே முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் வயசாகவில்லை, அச்சடித்த பொய்யை எங்கே போய்த் துரத்துவது. அந்த அம்மாவை இருக்கிற பொம்மையெல்லாம் எடுத்துக்கொண்டு சுகுமார் வீட்டுக்கே வரச் சொல், அங்கேயே பேசிக்கொள்ளலாம் என்றார்.

தேவயானி ஒத்துக்கொண்டார். ஆனால் நேராகவே சொல்லியும்விட்டார்: இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், ஆதாரம் இல்லாமல் நான் யார் பக்கமும் எழுத முடியாது, மாசக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அது நியாயம்தான் என்றார் மார்த்தாள். ஆதாரம் இருக்கிறது, போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நேரில் சொல்ல என்ன இருக்கும். சோபியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா மீசையைப் பற்றிச் சொன்னார், கையைப் பற்றிச் சொன்னார். உள்ளே உருள்வதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேண்டுமானால் காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"வெரலு போன அன்னிக்கு எனக்கே எட்த்துப் பாக்கல. பயில்வானுக்கு எதுக்கு ஸ்கேனு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அதே வெள்ளைப் புடவையோடு, மஞ்சள் பையில் பொம்மையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். அங்கே நடந்ததை அவர் ஒரு முறையும் சோபியா ஒரு முறையும் எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சுகுமாருக்கு நாற்பத்தேழு வயதிருக்கும். விபத்து நடந்தபோது ஒன்பது வயது. பெரிய கூடம், டைல்ஸ் தரை, சுவரில் மாலை போட்ட ஏகாம்பரம். தேவயானி முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோபியாவுக்கும் ஒரு நாற்காலி காட்டினார் சுகுமார். மார்த்தாளை மட்டும், நீ அப்படி வாசப்படியில் காத்தாட உட்காரேன் என்றார். மார்த்தாள் சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்தார். வழக்கம்போல அதன் கையை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

"பளசு கலந்த சரக்கு. ரெண்டு வெயிலுக்குத் தாங்காது தம்பி," என்று சொல்லிவிட்டு, கூடத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

தம்பி என்றது சுகுமாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விருந்தாளி எதிரில் இருந்தார். கூல்டிரிங்க்ஸ் வந்தது. சுகுமார் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்லாம் நைனா தன் கையாலேயே பண்ணினது, நைனா ஒரு ஆர்டிஸ்ட், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் இங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மார்த்தாளைக் காட்டி, இவர் மதியம் தூக்குவாளியோடு வருவார், போவார், பாவம், அன்றைக்கு விதி என்றார். வார்த்தையில் கெட்ட எண்ணம் தெரியவில்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று சோபியா நினைக்கிறாள். சின்ன வயதிலிருந்து அவரும் என்னைப் போல அதே கதையைக் கேட்டு வளர்ந்திருப்பார்.

"பாத்துகினு இருந்தே இல்ல," என்றார் மார்த்தாள். "அப்ப பொம்மைக்குள்ள இன்னா கீதுன்னு நீயே சொல்லு."

"உள்ள இன்னா இருக்கும். காத்து கீது."

தேவயானி, உடைந்த ஆணித் துண்டு என்று தாங்கள் நினைப்பதாகச் சொன்னார். மார்த்தாள் கை நீட்டி அவர் கொண்டுவந்த பொம்மைகளைக் கேட்டார். மொத்தம் நாலு. முதலாவதைக் காதருகே ஆட்டி, புளியங்கொட்டை, சொக்கம்மா என்று கீழே வைத்தார். இரண்டாவதும் சொக்கம்மாள்தான். மூன்றாவதை ஆட்டியபோது சத்தம் லேசாக, காய்ந்து போனதாக வந்தது. வேப்பங்கொட்டை, பரிமளா. இந்த மூன்றுக்கும் இரண்டு கைகளும் இடது கை. நாலாவதைத் தேவயானி தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதற்கு வலது கை வலது கையாகவே இருந்தது. உலகத்தில் இதுவரை கண்ணில் பட்டது இது ஒன்றுதான் என்றார். மார்த்தாள் அதை ஆட்டினார். சின்னதாக, கெட்டியாக, கண்ணாடிமேல் தட்டுவது போல ஒரு சத்தம். மற்றவற்றை உடனே கீழே வைத்தவர் இதை வெகுநேரம் காதைவிட்டு எடுக்கவில்லை.

"இது நானு," என்றார்.

பிறகு விளக்கினார். மூன்று பெண்கள் ஒட்டும்போது ஆளுக்கு ஒரு விதை உள்ளே போட வேண்டும் என்பது ஏகாம்பரம் வைத்த சட்டம். சொக்கம்மாளுக்குப் புளியங்கொட்டை ஒன்று, பரிமளாவுக்கு வேப்பங்கொட்டை, மார்த்தாளுக்குக் குண்டுமணி இரண்டு. தன் கைபட்ட பொம்மை எல்லாவற்றுக்கும் வலது கை இருக்கும். வலது கை டை உடைந்த அன்று தன்னையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆகவே இரண்டு இடது கை வைத்த பொம்மை எதிலும் குண்டுமணி இருக்காது. எத்தனை உடைத்தாலும் இருக்காது.

சுகுமார் சிரித்தார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். தேவயானி சங்கடத்தோடு, இவற்றைத் திறக்க முடியாது, இரண்டு இரவல் வாங்கி வந்தவை என்றார். மார்த்தாள் மஞ்சள் பையிலிருந்து தன் பொம்மையை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். கூடவே, காயலான் கடையில் பிசிறு அறுக்கும் மடக்குக் கத்தியையும்.

"இத்த நானே பொளக்கறேன். சொக்கம்மா ஒட்டினது. உள்ள ஒரே ஒரு புளியங்கொட்ட கீது. மொதல்ல நீங்க பாத்துக்கோங்கம்மா, நான் ஏற்கெனவே தொறந்து எதுனா போட்டுக்கீறனான்னு."

தேவயானி கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துப் பொம்மையின் இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். ஒட்டின கோட்டின் மேலேயே வெள்ளி பெல்ட் பெயின்ட் ஓடியிருந்தது. எங்கும் விரிசல் இல்லை. பெயின்ட் அடித்த பிறகு இதை யாரும் திறக்கவில்லை என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, அம்மா, இவ்வளவு நல்ல நிலைமையில் இருக்கிற பொம்மை, வேண்டாமே என்று கெஞ்சுவது போலக் கேட்டார். சுகுமாரும் சேர்ந்துகொண்டார். எனக்குக் கொடு மார்த்தா, நைனா ஞாபகமாக அலமாரியில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

மார்த்தாள் கத்தியைப் பொம்மையின் அக்குளில் வைத்தார். அங்கேதான் தின்னர் எப்போதும் சரியாக ஏறாதாம். பாதி விரலால் கத்தியின் முதுகை அழுத்தி ஒரு திருகு. வேர்க்கடலை உடைகிற சத்தத்தோடு பயில்வான் இரண்டாகப் பிளந்தான். மீசையும் மார்பும் இந்தப் பக்கம், முதுகு அந்தப் பக்கம். உள்ளிருந்து ஒரு புளியங்கொட்டை டைல்ஸில் விழுந்து, உருண்டு, சுகுமாரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

சுகுமார் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் அப்போது ஒன்பது வயசுக்குப் போய்விட்டது என்றாள் சோபியா.

"அட, ஆமா. நைனாதான் போடச் சொல்வாரு. திருவிழாவுல பிரிஞ்சி வந்துச்சின்னா எந்தப் பொம்பள ஒட்டினதுன்னு தெரியணும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. தேவயானிதான் மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பொம்பளைன்னா, மொத்தம் எத்தனை பேர் சார்?"

மூன்று பேர் என்றார் சுகுமார். உடனே, ஆனால் இவர் அதில் இல்லை என்றார். அப்படியானால் மூன்றாவது யார் என்று கேட்டதற்கு, ஞாபகம் வரவில்லை, ரொம்பச் சின்னப் பையன் அப்போது என்று கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"பின்பக்கம் வேலியில குண்டுமணிக் கொடி இருந்திச்சே தம்பி," என்றார் மார்த்தாள். "டவுசர் பாக்கெட்ல பறிச்சாந்து என் மடியில கொட்டுவே. பதிலுக்கு ஒடஞ்ச பயில்வான் தலை ஒண்ணு கேப்பே. அந்தக் குண்டுமணிய யாருக்குக் குட்த்தேன்னு யோசி. அவசரம் இல்ல."

சுகுமார் யோசித்தாரா என்று தெரியாது. இல்லை என்றும் சொல்லவில்லை.

தேவயானி துணியில் சுற்றியிருந்த நாலாவது பொம்மையை எடுத்தார். உலகத்தில் ஒன்றே ஒன்று என்று சொன்னாரே, அது. இரண்டு கையாலும் மார்த்தாளிடம் நீட்டினார். இதையும் திறந்து காட்டிவிட்டால் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது, இது என் சொந்தப் பொம்மைதான், திறங்கள் என்றார்.

மார்த்தாள் வாங்கினார். அக்குளில் கத்தியை வைத்தார். பிறகு கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வோணாம். நம்பறதுக்கு ஒண்ண ஒடைச்சாச்சு. சொக்கம்மா செத்து ஆறு வருசம், அவ வந்து எனக்கு சாட்சி சொல்லிட்டா. இது மூடியே இருக்கட்டும். இதுக்குள்ள ரெண்டு குண்டுமணி கீது, போட்டது மார்த்தாள்னு எழுதுங்க. நம்பாதவன் ஒடைச்சிப் பாக்கட்டும்."

பொம்மையைத் தேவயானியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். பிளந்த இரண்டு பாதியையும் பையில் போட்டுக்கொண்டார். கூல்டிரிங்க்ஸைத் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, அந்த நாற்காலியை வெயிலில் போடாதே தம்பி என்றாராம்.

புத்தகம் சித்திரையில் வந்தது. தேவயானி இரண்டு பிரதி அனுப்பினார். பயில்வானுக்கு ஒரு முழுப் பக்கம். ஊர் ராஜகுளம். முதலாளி ஏகாம்பரம். மெஷினில் டேனியல். ஒட்டியவர்கள் சொக்கம்மாள், பரிமளா, மார்த்தாள். இரண்டு கையும் சரியாக உள்ளவை 1986-க்கு முந்தியவை. அந்த வருஷம் வலது கை டையில் மார்த்தாளின் விரல் சிக்கியது, விரலை எடுக்க டை உடைக்கப்பட்டது, அதன் பிறகு வந்த பொம்மைகளுக்கு இரண்டும் இடது கை. படத்தில் இருக்கும் பொம்மைக்குள் மார்த்தாள் போட்ட குண்டுமணி இரண்டு உள்ளன. திறந்து பார்க்கப்படவில்லை.

டேனியலின் பேரை ஏன் சேர்க்கச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அவன் அங்கே வேலை செய்தது நிஜம்தானே என்றார். பொய் சொன்னதையும் எழுதச் சொல்லியிருக்கலாமே என்றேன். அது எங்கள் வீட்டு விஷயம், புத்தகத்துக்கு எதற்கு என்றார்.

தெருவில் பழக்கம் உடனே போகவில்லை. புத்தகம் வந்த வாரமே, பால் சொசைட்டி வாசலில் ஒருவர் தூக்குவாளி என்று கூப்பிட்டுவிட்டார். மார்த்தாள் கோபப்படவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்து, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, கொஞ்சம் படி என்றார். அவர் படித்தார். சத்தமாகப் படி என்றார். பால் ஊற்ற வந்த இருபது பேர் எதிரில் அவர் முழுப் பக்கத்தையும் சத்தமாகப் படித்து முடிக்கும் வரை மார்த்தாள் நகரவில்லை. இப்போதும் யாராவது வாய் தவறினால் அதே புத்தகம், அதே பக்கம். ஆறு பேர் படித்தாகிவிட்டது. ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஏழாவது ஆள் இன்னும் வரவில்லை.

போன மாதம் நான் காயலான் கடைக்குப் பழைய புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தேன். அப்போது மார்த்தாளுக்குத் தேவயானியிடமிருந்து போன் வந்தது. புத்தகம் இரண்டாவது முறை அச்சாகப் போகிறதாம். சுகுமார் கூப்பிட்டு, ஊரில் மரியாதையாக இருக்கிற குடும்பம், அந்த விரல் சமாச்சாரத்தையும் ஒட்டியவர்கள் பேரையும் எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். எடுக்க மாட்டேன் என்று தான் சொல்லிவிட்டதாகவும், அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்வதாகவும் தேவயானி சொன்னார்.

மார்த்தாள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த வாட்டர் கேன் மூடியை முன்பல்லால் கடித்துப் பார்த்தார்.

"பேரை எடுக்கணும்னா மொதல்ல பொம்மைய ஒடைச்சிப் பாக்கச் சொல்லும்மா," என்றார். மூடி ஒடிகிற குவியலுக்குப் போனது.